பாட்டி வீடா, ஆயாவா, காப்பகமா? மூன்று வயதுக்குள் குழந்தையின் பாதுகாப்பை வைத்து ஓர் ஒப்பீடு

பிரசவ விடுப்பு முடியப் போகிறது என்றதும் வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். பாட்டி தாத்தா பார்த்துக்கொள்வார்களா, வீட்டுக்கே ஓர் ஆளை வரவழைப்பதா, தன் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவரிடம் விடுவதா, இல்லை காப்பகத்திலேயே சேர்த்துவிடுவதா? செலவும் தூரமும் வேலை நேரமும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டு, இந்த நான்கு வழிகளில் குழந்தைக்கு எங்கே என்ன ஆபத்து வருகிறது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையின் வயதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. மூன்று மாதக் குழந்தையின் ஆபத்து தூக்கத்தில் இருக்கிறது. பதினைந்து மாதக் குழந்தையின் ஆபத்து தரையிலும் அலமாரியிலும் தண்ணீர் வாளியிலும் இருக்கிறது. வீடு பெரியவர்களுக்காக அமைந்த இடம். அங்கே இருக்கும் ஒரே ஆளுக்கு நூறு வேலை. காப்பகத்தின் அறை குழந்தைக்காகவே தயாரானது, ஆனால் அங்கே ஒருவரின் கவனத்தைப் பல குழந்தைகள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். இரண்டும் தவறுகிற விதம் வேறு, தவறுகிற வயதும் வேறு.

“என்ன இருந்தாலும் வீடு மாதிரி வருமா” என்று பலரும் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை ஒருமுறை சோதித்துப் பார்க்க வங்கதேசத்தின் கிராமங்கள் உதவும். அங்கே வீட்டைச் சுற்றிக் குளம் குட்டைகள். ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகள் நீரில் மூழ்கி இறப்பது நீண்ட காலமாகவே பெரிய துயரம். எப்போது நடக்கிறது என்று பார்த்தபோது, பெரும்பாலும் காலை 9 மணிக்கும் மதியம் 1 மணிக்கும் இடையில், வீட்டுக்கு மிக அருகிலேயே நடப்பது தெரிந்தது. அப்பா வேலைக்குப் போயிருப்பார், மூத்த பிள்ளைகள் பள்ளியில், அம்மா சமையலில். அந்த நேரத்துக்கு மட்டும் ‘ஆஞ்சல்’ என்ற பெயரில் கிராமக் காப்பகங்களைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர், உதவிக்கு இன்னொருவர், இருபது இருபத்தைந்து குழந்தைகள். 9 மாதம் முதல் 47 மாதம் வரையுள்ள குழந்தைகளை வைத்துப் பெரிய அளவில் ஆய்வு செய்தபோது, காப்பகத்துக்கு வந்தவர்களிடையே நீரில் மூழ்கி இறப்பது 88 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு இப்படிக் கண்காணிப்புள்ள இடம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது.

அந்த அம்மாக்களின் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. அந்த நாலு மணி நேரம் குழந்தையைப் பார்ப்பது மட்டுமே வேலையாக வீட்டில் யாருக்கும் இருக்கவில்லை, அவ்வளவுதான். குளம் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். நடை பழகும் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும். சத்தமும் வராது. 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஆறு மாதம் வரை

இந்த வயதில் குழந்தை எங்கும் நகராது. அதனால் பயப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணம் பெரும்பாலும் இந்த ஆறு மாதத்துக்குள்தான் நடக்கிறது, அதிலும் ஒன்று முதல் நான்கு மாதங்களில் அதிகம். சென்ற தலைமுறையில் பல நாடுகளில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 1992இல் அதை மாற்றிச் சொன்னது. 1994இல் அங்கே நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த மரணங்கள் பாதிக்கும் கீழே போயின. புது மருந்தோ கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை, படுக்க வைக்கும் விதம் மாறியது.

இன்றைய அறிவுரை இதுதான்: ஒவ்வொரு தூக்கத்துக்கும், பகல் தூக்கம் உட்பட, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை சமதளமாக, அழுத்தினால் அமுங்காததாக இருக்க வேண்டும். தலையணை, தளர்வான போர்வை, பொம்மை, பக்கவாட்டு மெத்தை எதுவும் உள்ளே வேண்டாம். குறைந்தது ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது. சோபாவில் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு பெரியவரும் கண்ணயர்ந்துவிடுவது மிக ஆபத்தானது. குழந்தையோடு நாள் முழுக்கத் தனியாக இருந்து களைத்துப்போகிறவருக்கு இது எளிதில் நடந்துவிடும்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் திடீர் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பெற்றோர் அல்லாத வேறொருவரின் பராமரிப்பில் இருந்தபோது நடந்ததைக் கண்டது. அப்படி நடந்தவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, குழந்தையை அங்கே விடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே. அதிலும் பாதி, முதல் நாளிலேயே. மல்லாக்கத் தூங்கிப் பழகிய குழந்தையைப் புது இடத்தில் யாரோ குப்புறப் போட்டுவிடும்போது, எப்போதுமே குப்புறத் தூங்கும் குழந்தையைவிட அதற்கு ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. முகம் படுக்கையில் அழுந்தினால் தலையைத் தூக்கித் திருப்பும் பழக்கம் அதற்கு இன்னும் வந்திருக்காது.

ஆகவே இந்த வயதுக்கு நான் கேட்கும் முதல் கேள்வி: யாரிடம் விட்டாலும், அவர் குழந்தையை மல்லாக்கத்தான் படுக்க வைப்பாரா? பாட்டியிடம் இது எளிதான பேச்சு கிடையாது. “உன்னையும் குப்புறப் போட்டுத்தான் வளர்த்தேன், உனக்கு என்ன ஆச்சு?” என்பார். அவர் சொல்வதும் உண்மை, அந்தக் காலத்து மருத்துவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். வாதாடுவதைவிட, அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவர் வாயாலேயே கேட்க வைப்பது நல்லது. எழுத்தில் விதி வைத்து, எல்லா ஊழியர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கும் காப்பகம், பேச்சைக் கேட்காத உறவினரைவிட இந்த ஒரு விஷயத்தில் பாதுகாப்பானது.

இன்னொரு ஆபத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து குழந்தையின் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்கு வரும். மூன்று நான்கு மாதத்தில் தணியும். அந்த உச்சத்தில் சில குழந்தைகள் எதற்கும் அடங்காமல் மணிக்கணக்கில் அழும். தனியாக மாட்டிக்கொண்ட பெரியவர் பொறுமை இழந்து சில நொடிகள் உலுக்கினாலே மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டுக் குழந்தை இறக்கலாம், அல்லது வாழ்நாள் முழுக்க ஊனத்தோடு இருக்க நேரலாம். இதைச் செய்பவர்கள் எல்லாரும் கொடியவர்கள் கிடையாது, பெற்ற அப்பாவே செய்த சம்பவங்கள் உண்டு. இரண்டு ஊழியர்கள் இருக்கும் காப்பகத்தில் ஒருவர் களைத்தால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். வீட்டில் தனியாக இருக்கும் ஆயாவுக்கோ தாத்தாவுக்கோ அந்த வசதி இல்லை. அதனால் வீட்டில் விடுகிறவர்கள் வெளிப்படையாகவே சொல்லி வைக்க வேண்டும்: “முடியவில்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள், பத்து நிமிடம் அழுதால் ஒன்றும் ஆகாது, எனக்குப் போன் பண்ணுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.” இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்த ஆளிடம் குழந்தையை விடவே தயங்குங்கள்.

தொற்று நோய் விஷயத்தில் காப்பகம் பின்தங்குகிறது, மறைக்க எதுவும் இல்லை. முதல் ஓராண்டில் சளி, வயிற்றுப்போக்கு, காதுத் தொற்று எல்லாம் கூடுதலாக வரும். அப்படி வந்த குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் சளி குறைவாக வருவதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம்தான். ஆனால் தடுப்பூசித் தொடர் முடியாத மூன்று மாதக் குழந்தைக்கு அந்தப் பிற்காலக் கணக்கு ஆறுதல் தராது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயமோ நுரையீரலோ பலவீனமான குழந்தை என்றால் காப்பகத்தை எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், முதல் ஆறு மாதத்துக்கு என் வாக்கு வீட்டுக்குத்தான். நிபந்தனை இரண்டு: தூக்க விதியை ஏற்றுக்கொள்ளும் ஆள், அவர் களைக்கும்போது வந்து கைமாற்றிக்கொள்ள இன்னோர் ஆள்.

தவழத் தொடங்கிய பிறகு

இங்கே தராசு மெல்லக் காப்பகத்தின் பக்கம் சாய்கிறது. மாத்திரை அட்டை, மாடிப்படி, சூடான பானம் வைத்த மேசை, சுவரோடு பிணைக்காத அலமாரி, ஜன்னல் திரையிலிருந்து தொங்கும் கயிறு என்று வீடு முழுக்கப் பெரியவர்களின் பொருள்கள். நல்ல காப்பகத்தின் குழந்தை அறையில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. பாட்டி தாத்தா வீட்டில் மாத்திரைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினம் போடும் மாத்திரைகள் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும், கிழமைவாரியாகப் பிரித்து வைக்கும் டப்பாவைக் குழந்தையும் எளிதாகத் திறந்துவிடும். பெரியவருக்கு அளவான ஒரே ஒரு சர்க்கரை மாத்திரைகூட, வகையைப் பொறுத்து, சின்னக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம்.

பட்டன் பேட்டரியைப் பற்றி இன்னும் பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. ரிமோட், எடை பார்க்கும் கருவி, கார் சாவி, பாட்டுப் பாடும் பொம்மை, காது கேட்கும் கருவி எல்லாவற்றிலும் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகைதான் மிக மோசம், அது சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். ஈரமான சதை பட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்தில் கடுமையான காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். தீர்ந்துபோனது என்று கழற்றிப் போட்ட பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். குழந்தைக்கு மூச்சு முட்டாமலும் இருக்கலாம், கொஞ்சம் எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது என்று சாதாரணமாகவே தெரியலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யார் பார்த்துக்கொண்டாலும் இந்த ஒன்றை அவருக்குச் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பாதீர்கள்.

குழந்தையை உள்ளே உட்கார வைக்கும், உருளை வைத்த நடைவண்டியை (பேபி வாக்கர்) வாங்கவே வேண்டாம். படியில் உருண்டு தலையில் அடிபடுவதால் கனடா 2004இல் அதை விற்பதையே தடை செய்துவிட்டது.

காப்பகத்தின் பக்கம் தராசு சாய்கிறது என்றேன். அது ஆள் கணக்கு சரியாக இருந்தால் மட்டும். அமெரிக்காவில் குழந்தை நல வல்லுநர்கள் பரிந்துரைக்கும் அளவு, ஒரு வயதுவரை மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை நான்கு குழந்தைக்கு ஒருவர். இங்கிலாந்தின் சட்டம் இரண்டு வயதுக்குள் மூன்று பேருக்கு ஒருவர் என்கிறது. இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நாலு பேருக்கு ஒருவர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் ஐந்தாகத் தளர்த்தினார்கள். இந்த எண்களின் நியாயம் புரிய, தீ விபத்தை நினைத்துப் பாருங்கள். நடக்கத் தெரியாத குழந்தைகளில் எத்தனை பேரை ஒருவர் ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியும்? எட்டுத் தவழும் குழந்தைகளுக்கு ஓர் ஆள் என்றால், சுவரில் எவ்வளவு அழகான படம் வரைந்திருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

தன் வீட்டிலேயே சில குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் இந்த நால்வரில் எடைபோடக் கடினமானவர். தினமும் அதே முகம், சின்னக் கூட்டம், வீட்டுச் சூழல் எல்லாம் நல்லது. ஆனால் அது இன்னொருவரின் வீடு. அவருடைய சமையலறை, அவருடைய மாத்திரைகள், அவருடைய நாய். வயது கலந்த கூட்டம் என்பதால் நாலு வயதுக்காரனின் மணியும் காந்தமும் பத்து மாதக் குழந்தையின் வாய்க்குப் போகும். ஒரு குழந்தைக்கு அடிபட்டு அதை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் மற்றவர்களை யார் பார்ப்பது? இங்கிலாந்தில் இப்படிப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எட்டு வயதுக்குள் ஆறு குழந்தைகள் வரைதான் வைத்துக்கொள்ளலாம், அவர்களில் ஐந்து வயதுக்குள் மூன்று பேர், ஒரு வயதுக்குள் ஒன்று என்பது பொது விதி. நீங்கள் எங்கே இருந்தாலும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கை இதற்குள் இருந்து, கூப்பிட்ட குரலுக்கு வர இன்னொரு பெரியவரும் அருகில் இருந்தால், நெரிசலான காப்பகத்தைவிட இவரையே இரண்டு வயதுவரை தேர்ந்தெடுப்பேன்.

வீட்டுக்கு வரும் ஆயாவைப் பொறுத்தவரை கேமரா வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்து முடிந்ததைத்தான் கேமரா காட்டும். அவருக்குச் சமையலையும் துணி துவைப்பதையும் சேர்த்துக் கொடுத்தால், வங்கதேசத்து அம்மாவின் நிலைமையை நாமே வீட்டில் உண்டாக்குகிறோம். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். அப்புறம், தொண்டையில் எதுவும் சிக்கினால் என்ன செய்வது என்று கையால் செய்து பழக ஒரு முதலுதவி வகுப்புக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள். ஒரு வயதுக்குள் என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி கவிழ்த்துப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்தம், மாறி மாறி. இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவவும் கூடாது. படித்துத் தெரிந்துகொள்வதற்கும் கை பழகியிருப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

கைமாறும் நேரம்

வீட்டிலேயே பார்த்துக்கொள்வதில் இல்லாத ஆபத்து ஒன்று மற்ற வழிகளில் இருக்கிறது. வழக்கமாக அம்மா கொண்டுபோய் விடுவார், ஒருநாள் அப்பா காரில் கிளம்புவார், பின்சீட்டில் குழந்தை தூங்கிவிடும், அவர் பழக்கத்தில் நேராக அலுவலகம் போய்விடுவார். மூடிய கார் வெயிலில் பத்து நிமிடத்தில் சுமார் பத்து டிகிரி சூடேறும். குழந்தையின் உடம்பு பெரியவரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும். அன்பான, பொறுப்பான பெற்றோருக்கே இது நடந்திருக்கிறது. வழக்கம் மாறிய நாளில் நினைவு ஏமாற்றிவிடுகிறது. காப்பகத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: சொன்ன நேரத்துக்கு மேல் 15 நிமிடம் ஆகியும் குழந்தை வரவில்லை என்றால் அம்மா அப்பா இருவருக்கும் போன் வர வேண்டும். இதைச் செய்ய முடியாது என்று சொல்லும் இடத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள், காலையில் எல்லா இடமும் நன்றாகவே இருக்கும். மதியத் தூக்க நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். குழந்தைகள் எப்படிப் படுத்திருக்கிறார்கள், அந்த அறையில் விழித்த ஆள் இருக்கிறாரா, ஒருவர் டயபர் மாற்றப் போனால் மீதிப் பேரை யார் பார்க்கிறார், மாற்றிய கையைக் கழுவினாரா என்று நின்று பாருங்கள். குழந்தைகள் இருக்கும் நேரத்தில் பெற்றோரை வாசலிலேயே நிறுத்தும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். காயம், கீறல் எழுதி வைக்கும் நோட்டைக் கேளுங்கள். பன்னிரண்டு நடை பழகும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அந்த நோட்டு வருஷம் முழுக்கக் காலியாக இருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. குழந்தைகள் விழத்தான் செய்வார்கள், அங்கே யாரும் எழுதுவதில்லை என்றுதான் அர்த்தம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் விடுப்பு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். முதல் நாள் நீங்களும் கூட இருக்க, ஒரு மணி நேரம் போதும். குழந்தையின் முதல் பகல் தூக்கம் நீங்கள் அங்கே இருக்கும்போதே நடக்கட்டும். இனி அதைப் படுக்க வைக்கப் போவது பார்த்துக்கொள்பவர்தான் என்பதால் அன்றும் அவரே படுக்க வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டில் எப்படித் தூங்குகிறது, அழுதால் எதற்கு அடங்கும், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் யார் வந்து கூட்டிப்போகலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டாம் நாள் அரை நாள், சரியாகப் போனால் மூன்றாம் நாள் முக்கால் நாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் அந்த வாரம் முழுக்க மதிய வேளையில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.